கைக்குழந்தையின் முதல் உணவும் ஒவ்வாமையும்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

அப்பா அம்மா இருவரில் ஒருவருக்கு ஆஸ்துமாவோ அலர்ஜியோ இருந்தாலும், குழந்தைக்கே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் (எக்ஸிமா என்னும் அரிப்புள்ள தோல் அழற்சி) இருந்தாலும், ஆறு மாதம் நிறைந்து திட உணவு தொடங்கும் நாளிலிருந்து அந்த வீட்டில் ஒவ்வொரு கரண்டியும் ஒரு பரீட்சையாகிவிடுகிறது. சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்ததும் அன்று கொடுத்த உணவை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வாரம் இன்னொன்றை நிறுத்துகிறார்கள். ஒன்பதாம் மாதத்தில் பார்த்தால் குழந்தை அரிசிக் கஞ்சியிலும் வேகவைத்த ஆப்பிளிலும் மட்டுமே வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகாமல், எது உண்மையான ஒவ்வாமை, எது வெறும் தோற்றம் என்று பிரித்தறிவதற்கான முறையைக் கீழே அறிகுறி வாரியாகத் தருகிறேன்.

எந்த அறிகுறி தோன்றினாலும், எந்த உணவு என்று தேடத் தொடங்கும் முன், உணவு வாய்க்குள் போனதற்கும் அறிகுறி தெரிந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் கடந்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள். சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வருவது ஒரு வகை. உண்டு ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து வாந்தியாக வருவது இரண்டாம் வகை. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து மலத்திலோ தோலிலோ மெதுவாகத் தெரிவது மூன்றாம் வகை. முதல் வகையில் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருள் வேலை செய்கிறது. மற்ற இரண்டிலும் பெரும்பாலும் அதற்குப் பங்கில்லை. ஆகவே முதலுதவி, பரிசோதனை, அந்த உணவை மறுபடி கொடுக்கலாமா என்ற முடிவு ஆகிய எல்லாமே மூன்றுக்கும் மூன்று விதமாக அமையும். மாதக் காலண்டரின் கட்டத்துக்குள்ளேயே உணவு, அளவு, மணி ஆகிய மூன்றையும் எழுதிவாருங்கள். மருத்துவர் முன்னால் உட்காரும்போது நினைவிலிருந்து சொல்வதைவிட அந்தத் தாளைக் காட்டுவது பல மடங்கு பயன் தரும்.

குறிப்பு பயன்பட வேண்டுமானால் கொடுக்கும் முறையும் ஒழுங்காக இருக்க வேண்டும். முட்டை, வேர்க்கடலை, பால், கோதுமை, மீன், இறால், முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், எள், சோயா ஆகியவற்றில் ஒன்றை முதன்முறையாகக் கொடுக்கும் நாளில் வேறு எதையும் புதிதாகக் கொடுக்க வேண்டாம். காய்ச்சலோ சளியோ வயிற்றுப்போக்கோ இல்லாத நாளாக, தடுப்பூசி போட்ட நாளாக இல்லாமல், பெரியவர் ஒருவர் அடுத்த இரண்டு மணி நேரம் குழந்தையுடனே இருக்கக்கூடிய ஒரு காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். கரண்டி நுனியளவு கொடுத்து, பத்து நிமிடம் பொறுத்து, ஒன்றும் இல்லையென்றால் மீதியை மெதுவாகக் கொடுக்கலாம். இரவு உறங்கும் முன் புது உணவு கொடுக்கும் பழக்கம் வேண்டாம். தூக்கத்தில் வருவதைக் கவனிக்க ஆளிருக்காது. சோறு, பூசணி, கேரட், வாழைப்பழம் போன்றவற்றுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை.

உதடும் கண்ணிமையும் வீங்குகின்றன. கூடவே இருமல், இழுப்பு அல்லது துவண்டு போதல்

இது நேரும்போது உட்கார்ந்து படிக்க அவகாசம் இருக்காது என்பதால் இதை முதலில் வைத்திருக்கிறேன். புது உணவு கொடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்போ வீக்கமோ தோன்றி, அத்துடன் மூச்சில் இழுப்பு, விடாத இருமல், குரல் கம்மிய அழுகை, அடுத்தடுத்து வாந்தி, உடல் வெளிறுதல், திடீரென்று துவண்டு அமைதியாகிவிடுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் அதைக் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சியாகவே கருத வேண்டும். தோலில் எதுவும் தெரியாமலே மூச்சும் நினைவும் பாதிக்கப்படுவதும் உண்டு. கைக்குழந்தையால் தொண்டை அடைக்கிறது என்று சொல்ல முடியாது. சற்று முன்புவரை விளையாடிய குழந்தை காரணமின்றி அடங்கிப் போவதே பல நேரங்களில் முதல் அடையாளம்.

உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது அதைவிட விரைவாகப் போக முடியுமானால் அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுத் தட்டிக்கொடுப்பதே நம் கைக்குப் பழகிய செயல்; இங்கே அது ஆபத்து. இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் நிலையில் உடலை நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மேலும் குறையும். கைகளில் படுக்கைவாட்டில் ஏந்துங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் பிடியுங்கள். வாயில் எதையும் ஊட்ட வேண்டாம்.

இதற்கான மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான். எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற கணக்கில் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அதைப் போடுவார்கள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் போடுவார்கள். வீட்டில் இருக்கும் அலர்ஜி சிரப் அரிப்பையும் தடிப்பையும் குறைக்குமே தவிர, மூச்சுக்குழாய் சுருங்குவதையோ இரத்த அழுத்தம் இறங்குவதையோ தடுக்காது. சிரப் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பார்ப்போம் என்று காத்திருப்பதில்தான் நேரம் கைவிட்டுப் போகிறது. குழந்தை தேறிய பின்னும் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே வைத்திருப்பார்கள், ஏனெனில் சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் இரண்டாம் முறை திரும்பக்கூடும். வீடு திரும்பும் முன், இன்னொரு முறை நேர்ந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த உணவை வீட்டில் மறுபடி சோதித்துப் பார்க்கவே கூடாது.

வாயைச் சுற்றி மட்டும் சிவப்பு

தக்காளி ரசம் கலந்த சோறு, புளி, எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவை பட்ட இடத்தில் மட்டும் தோல் சிவந்து, துடைத்த பின் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டால், அது பெரும்பாலும் புளிப்பால் வந்த எரிச்சல். பல் முளைக்கும் பருவத்தில் எச்சில் ஊறி ஊறித் தாடை ஏற்கெனவே புண்ணாகி இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உணவூட்டும் முன் வாயைச் சுற்றி வாசலினை மெல்லியதாகப் பூசி, குழந்தை கையால் முகத்தில் அப்பிக்கொள்ளாதபடி நீங்களே கரண்டியால் கொடுத்துப் பாருங்கள். அப்படியும் சிவந்தால், குறிப்பாக முட்டையோ பாலோ வேர்க்கடலையோ பட்டு, உணவு படாத நெற்றியிலும் வயிற்றிலும் தடிப்பு எழுந்தால், அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

உடம்பெங்கும் காணாக்கடி போலத் தடிப்பு

ஓரம் எழும்பி, நடுவே வெளிறி, இடம் மாறி மாறி வரும் தடிப்பைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்தது என்று எண்ணியே காணாக்கடி என்று பெயர் வைத்தார்கள். இங்கேயும் கடிகாரம்தான் துணை. உணவால் வந்த தடிப்பு இரண்டு மணி நேரத்துக்குள் தோன்றி, பெரும்பாலும் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளுக்குள், தடமின்றி மறையும். மூன்று நாள், ஐந்து நாள் என்று தினமும் புதிதாகத் தடிப்பு வந்துகொண்டேயிருந்து, கூடவே சளியோ காய்ச்சலோ இருந்தால், உணவைவிட வைரஸ் தொற்றே காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். குழந்தைகளுக்குக் காணாக்கடி வருவதற்கு மிகவும் பொதுவான காரணமும் அதுவே. முதல் நாள் கொடுத்த முட்டையை அதற்காக ஓராண்டு நிறுத்திவைப்பது வீண் தண்டனை. சிறு சிறு சிவப்புக் குருக்களாகக் கழுத்திலும் முதுகிலும் வருவது வேர்க்குரு. சித்திரை வைகாசியில் அதற்கு உணவைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

உணவுக்கும் தடிப்புக்கும் நேரம் பொருந்திவந்தால், அந்த உணவை நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அரை வேக்காட்டு முட்டைக்குத் தடிப்பு வரும் குழந்தைகளில் பெரும்பாலோர், கேக்கைப் போல மாவுடன் கலந்து நெடுநேரம் சுடப்பட்ட முட்டையைத் தாங்கிக்கொள்கிறார்கள், ஏனெனில் முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள சில புரதங்கள் சூட்டில் உருக்குலைந்துவிடுகின்றன. ஆனால் எந்த வடிவத்தை எப்போது கொடுக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதன்முறையாக முட்டை கொடுக்கும் எல்லா வீட்டுக்கும் இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. ஆஃப்பாயில் வேண்டாம், பதினைந்து நிமிடம் வேகவைத்த முட்டையின் மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து மசித்துக் கொடுங்கள்.

மீன் விஷயத்தில் ஒரு கிளைக் குறிப்பு. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் பிடித்த பின் ஐஸில் சரியாக வைக்கப்படாவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்துவிடும். சமைத்தாலும் அது போகாது. அதை உண்டவருக்கு முகம் சிவந்து தடிப்பு வரும். அசல் அலர்ஜியைப் போலவே இருக்கும். அதே குழம்பைச் சாப்பிட்ட பெரியவர்களுக்கும் முகம் சிவந்ததா, தலை வலித்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால் குற்றவாளி அந்த மீன் வந்த கூடை; மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடக்க முடியாத வாந்தி

இந்த அறிகுறியை நம் வீடுகளில் பெரும்பாலும் மாந்தம் என்றோ கண்பட்டது என்றோ சொல்லி, வசம்பு உரைத்துக் கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறோம். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தை கஞ்சி குடித்து, விளையாடி, தூங்கக்கூடத் தொடங்கியிருக்கும். உண்டு ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள், திடீரென்று வாந்தி. பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மறுபடியும் மறுபடியும் வாந்தி. வயிற்றில் ஒன்றும் இல்லாத நிலையிலும் பித்தமாக வரும். முகம் வெளுத்து, கை கால் சில்லிட்டு, குழந்தை துணி போலத் துவண்டு கிடக்கும். சில மணி நேரம் கழித்துப் பேதியும் வரலாம். தோலில் தடிப்பு இராது, இழுப்பு இராது. காய்ச்சல் பொதுவாக இராது. மறுநாள் குழந்தை ஒன்றுமே நடவாதது போலச் சிரிக்கும். மருத்துவர்கள் இதை எஃப்பைஸ் என்கிறார்கள். உணவுப் புரதத்தால் குடலில் உண்டாகும் அழற்சி இது.

இதில் நம்மை ஏமாற்றும் சங்கதிகள் இரண்டு. முதலாவது, இதைத் தூண்டும் உணவுகளில் பசும்பால், சோயா, ஓட்ஸ் ஆகியவற்றோடு அரிசியும் முன்வரிசையில் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளில் அரிசியே மிகப் பொதுவான தூண்டியாகத் தெரியவந்தது. அரிசிக் கஞ்சிக்கு ஒவ்வாமையா என்று நம் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் உணவே அரிசியாக இருப்பதால் சந்தேகம் எழுவதே இல்லை. இரண்டாவது, இதில் ஐ.ஜி.இ.க்குப் பங்கில்லாததால் இரத்தப் பரிசோதனையும் தோல் குத்துப் பரிசோதனையும் சுத்தமாக வரும். ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, பயப்படாமல் கொடுங்கள் என்ற சொல்லை நம்பி மறுபடியும் கொடுத்து, மறுபடியும் அதே இரவைக் கழித்த வீடுகள் உண்டு. நோயைக் கண்டறிய உதவுவது, ஒரே உணவு, ஒரே நேர இடைவெளி, ஒரே விதமான வாந்தி என்று காலண்டரில் திரும்ப வரும் வரிகளே.

வாந்தி எடுக்கும்போது குழந்தை துவண்டிருந்தாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ, தாய்ப்பாலைக்கூட வயிற்றில் நிறுத்த முடியாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முக்கிய வைத்தியம் நரம்பு வழியாக ஏற்றும் திரவம். வாந்தியை நிறுத்த ஆன்டன்செட்ரானும் தருவார்கள். அவசரப் பிரிவில் இதைக் கிருமித் தொற்று என்று எடுத்துக்கொள்வது எளிது என்பதால், இத்தனை மணிக்கு இந்த உணவு, இத்தனை மணிக்கு முதல் வாந்தி என்று நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்கும் வாந்தி பேதி இல்லை, குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை என்பதும் சொல்லத் தக்கது. அரிசி காரணமென்று உறுதியானால், ராகி, தினை, உருளைக்கிழங்கு, பருப்பு என்று மாற்று வழிகள் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன; அவற்றையும் ஒவ்வொன்றாகவே தொடங்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் மூன்று, ஐந்து வயதுக்குள் இதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். மறுபடி கொடுத்துப் பார்ப்பது மட்டும் மருத்துவமனைக் கண்காணிப்பில் நடக்க வேண்டும்.

மலத்தில் இரத்தக் கோடு

குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, சிரித்துக்கொண்டிருக்கும்போதே மலத்தில் சளியுடன் மெல்லிய இரத்தக் கோடு தெரிந்தால், பெருங்குடலின் கடைசிப் பகுதியில் உணவுப் புரதத்தால் வந்த அழற்சியாக இருக்கலாம். இது பெரும்பாலும் பசும்பால் புரதத்தால் வருவது. தாய் உட்கொண்ட பாலின் புரதம் தாய்ப்பாலில் சிறிதளவு கலந்து வந்தும் நேரலாம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் கெடுதல் குறைவானது. ஒரு வயதுக்குள் பெரும்பாலும் போய்விடும். ஆனால் முதலில் ஆசன வாயில் வெடிப்பு இருக்கிறதா, தொற்று இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். வீறிட்டு அழுகை விட்டுவிட்டு வந்து, ஜெல்லி போலச் செந்நிற மலம் போனால் அது ஒவ்வாமை அல்ல. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவர் பாலை நிறுத்தச் சொன்னால், இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்த்து, நின்ற பின் மறுபடி கொடுத்து, மறுபடியும் வருகிறதா என்று உறுதி செய்துகொள்வதே முறை. அந்தப் பின்பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ கொடுப்பது மாற்றாகாது, ஏனெனில் அவற்றின் புரதங்கள் ஏறக்குறைய ஒன்றே. தயிரிலும் மோரிலும் அதே புரதம் இருக்கிறது. நெய்யிலும் சிறு துளி ஒட்டிக்கொண்டிருக்கும். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் லாக்டோஸ் செரிமானக் குறைபாடு முற்றிலும் வேறு. அது பாலின் சர்க்கரையைப் பற்றியது, வயிற்றுப்போக்குக்குப் பின் சில வாரங்கள் வந்து போவது, இரத்தம் வரவழைக்காதது. பாலூட்டும் தாய் தானாகவே பால், முட்டை, பருப்பு, மீன் என்று எல்லாவற்றையும் விட்டுப் பத்தியம் இருப்பது குழந்தைக்கு ஒன்றும் செய்யாமல் தாயை மட்டும் வாட்டும்.

கரப்பான் மறுநாள் கூடுகிறது

இதுவே மிகவும் சிக்கலான அறிகுறி. கரப்பான் தானாகவே ஏறி இறங்கும் நோய். வெயில், வியர்வை, சோப்பு, கம்பளித் துணி, சளி என்று எதற்கும் ஏறும். நேற்றுக் கத்தரிக்காய் சாப்பிட்டதால் இன்று ஏறியது என்று தோன்றுவதில் பெரும்பகுதி தற்செயல். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம் என்று நம் பாட்டிமார் ஒதுக்கிவைத்ததை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் தட்டிலிருந்து ஒன்றை நீக்க அந்தப் பட்டியல் போதாது.

உறவின் திசையே இங்கே மாறிக் கிடக்கிறது. உணவால் கரப்பான் வருவதைவிட, கரப்பானால் உணவு ஒவ்வாமை வருவது அதிகம். இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் கிடியன் லாக் 2008-இல் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார்: வாய்வழியே குடலுக்குப் போகும் உணவுப் புரதத்தை உடல் நண்பனாகப் பழகிக்கொள்கிறது, வெடித்த தோல் வழியே உள்ளே போகும் அதே புரதத்தைப் பகைவனாகக் குறித்துக்கொள்கிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பைப் பயன்படுத்திய பெரியவர்கள் பலர், அதுவரை ரொட்டி தின்றுவந்தவர்கள், கோதுமை ஒவ்வாமைக்கு ஆளானது இதற்கு ஒரு சாட்சி. நம் வீடுகளுக்கு வருவோம். கரப்பான் உள்ள குழந்தையைக் கடலை மாவும் பயத்தம் மாவும் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம்; பாலாடை பூசுகிறோம்; செக்கில் ஆட்டிய கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவுகிறோம். சுத்திகரித்த எண்ணெயில் ஏறக்குறைய இல்லாத புரதம் செக்கெண்ணெயில் மிஞ்சியிருக்கும். தோல் நலமாக உள்ள குழந்தைக்கு இதனால் பெரிதாக ஒன்றுமில்லை என்றாலும், வெடித்துக் கசியும் தோல் உள்ள குழந்தைக்கு உணவுப் பொருள் எதையும் மேலே பூசாதீர்கள் என்றே சொல்வேன். மாவைக் குளியலறையிலிருந்து சமையலறைக்கு மாற்றிவிடுங்கள்.

எனவே கரப்பான் கூடும்போது முதல் வேலை தோலைச் சரிசெய்வது. நறுமணமில்லாத ஈரப்பதக் களிம்பைத் தினமும் இரண்டு முறையேனும் தாராளமாகப் பூசி, சிவந்த இடத்துக்கு மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்பைப் பயமின்றி அவர் சொன்ன நாள்வரை பூசுங்கள். ஜப்பானில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இதன் பலனைக் காட்டியது. கரப்பான் உள்ள குழந்தைகளின் தோலை முதலில் நன்றாகக் கட்டுப்படுத்திவிட்டு, ஆறாம் மாதத்திலிருந்து தினமும் 50 மில்லிகிராம், ஒன்பதாம் மாதத்திலிருந்து 250 மில்லிகிராம் என்று சூடாக்கிய முட்டைத்தூள் கொடுத்தார்கள். ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை இருந்தோர், முட்டை கொடுக்காத குழுவில் 38 சதவீதம். கொடுத்த குழுவில் 8 சதவீதம். தோல் அடங்கிய பின்னும் ஒரே உணவுக்குப் பின் ஒவ்வொரு முறையும் கரப்பான் பொங்கினால் மட்டுமே அந்த உணவைச் சந்தேகிக்கலாம். அப்போதும் நீண்ட நாள் நிறுத்திவைக்க வேண்டாம், ஏனெனில் கரப்பான் உள்ள குழந்தைக்கு உணவை நிறுத்திவைத்துத் திரும்பக் கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை புதிதாகத் தோன்றிய நிகழ்வுகள் உண்டு.

ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை, எதுவென்று தெரியவில்லை

டப்பாவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அது சத்துமாவாக இருக்கும். கம்பு, ராகி, கோதுமை, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், சோயா, ஏலக்காய் என்று பதினைந்து இருபது பொருளை ஒன்றாக அரைத்த மாவு அது. அன்புடன் அரைத்ததுதான், ஆனால் அலர்ஜி வாய்ப்புள்ள குழந்தைக்கு அது முதல் உணவாகக் கூடாது. தடிப்பு வந்தால் இருபது பேரையும் ஒன்றாகக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். கோயிலில் சோறூட்டும்போது கொடுக்கும் முந்திரி வறுத்த பால் பாயசத்துக்கும் இது பொருந்தும். சடங்கை விட வேண்டியதில்லை, வெறும் குழைந்த சாதத்தில் அதை நிறைவேற்றலாம். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே கொடுத்து ஒத்துக்கொண்ட பின், அதே பொருள்களைக் கொண்டு சத்துமாவு அரைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவில் இல்லாவிட்டால் தாளிப்பில் தேடுங்கள். கட்டிப் பெருங்காயத்திலும் தூள் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். இட்லிப்பொடியில் எள் இருக்கும்.

பரிசோதனையில் பாசிட்டிவ், ஆனால் குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது

இரத்தத்தில் ஐ.ஜி.இ. இருப்பது, உடல் அந்தப் புரதத்தைக் கவனித்து வைத்திருக்கிறது என்பதைக் காட்டுமே ஒழிய, உண்டால் நோய் வரும் என்று காட்டாது. கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு நாற்பது ஐம்பது உணவுகளை ஒரே சீட்டில் சோதித்தால் பாதி சிவப்பு மையில் வரும். அதைப் பார்த்து ஒத்துக்கொண்டிருந்த உணவுகளை நிறுத்துவதுதான் நான் மேலே சொன்ன ஆபத்து. பிரச்சினையின்றி உண்டுவரும் உணவுக்குப் பரிசோதனை தேவையில்லை. ஐ.ஜி.ஜி. என்னும் வேறொரு எதிர்ப்பொருளின் பெயரில் விற்கப்படும் உணவுச் சகிப்புப் பரிசோதனைக்கு ஒவ்வாமையைக் கண்டறிவதில் மதிப்பே இல்லை. சந்தேகம் தீராவிட்டால், மருத்துவமனையில் அளவை மெல்ல மெல்லக் கூட்டி ஊட்டிப் பார்க்கும் பரிசோதனையே முடிவான தீர்ப்பு.

ஓங்கரிப்பு, மலச்சிக்கல், மலத்தின் நிறம்

கெட்டியான உணவுக்குக் குழந்தை ஓங்கரித்து, சத்தமிட்டு, முகம் சிவந்தால் அது நாக்கு கற்றுக்கொள்ளும் பாடம். சத்தமே வராமல் முகம் நீலம் பாரித்தால் தொண்டையில் அடைத்திருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை கீழ்நோக்கி முன்கையில் குப்புறப் படுக்க வைத்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சில் ஐந்து அழுத்து என்று மாற்றி மாற்றிச் செய்தபடியே உதவிக்கு அழையுங்கள். திட உணவு தொடங்கியதும் மலம் இறுகுவதும், கேரட் துணுக்கு அப்படியே வெளிவருவதும், பீட்ரூட்டுக்குச் செந்நிறமாகப் போவதும் ஒவ்வாமை அல்ல.

ஒன்றுமே நிகழவில்லை

இதுவும் ஒரு முடிவுதான். இதைத் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2000-இல், அலர்ஜி வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயதுவரையும், வேர்க்கடலை, மீன், கொட்டைகளை மூன்று வயதுவரையும் தள்ளிப்போடச் சொன்னது. தள்ளிப்போட்டதால் பலன் இல்லை என்று கண்டு 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015-இல் வெளிவந்த லீப் ஆய்வு ஒரு படி மேலே போனது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளில், பதினொரு மாதத்துக்குள் வேர்க்கடலை உணவைத் தொடங்கித் தொடர்ந்து உண்டவர்களிடம் ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை 3.2 சதவீதம், அறவே தவிர்த்தவர்களிடம் 17.2 சதவீதம். உங்கள் குழந்தைக்குக் கரப்பான் கடுமையாக இருந்தால், கடலையையும் முட்டையையும் எப்போது, எப்படித் தொடங்குவது என்று ஆறு மாதம் நிறையும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்; வீட்டில் கொடுக்கும் முன் ஒரு பரிசோதனை வேண்டும் என்று அவர் சொல்லக்கூடும்.

அந்த ஆய்வில் வாரத்துக்கு 6 கிராம் கடலைப் புரதம் கொடுத்தார்கள். வறுத்துத் தோல் நீக்கிய கடலை ஏறக்குறைய 24 கிராமில் அது கிடைக்கும். அதை மூன்று வேளையாகப் பிரித்து, மாவாகப் பொடித்து, கஞ்சியில் நீர்க்கக் கரைத்துக் கொடுக்கலாம். முழுக் கடலையோ உடைத்த கடலையோ நான்கைந்து வயதுவரை கையில் கொடுக்கவே கூடாது. கெட்டியான கடலை வெண்ணெயைக் கரண்டியோடு வாயில் வைப்பதும் கூடாது. முட்டையும் அப்படியே, வாரத்தில் இரண்டு முறையாவது தட்டில் இருக்கட்டும். ஒரு முறை கொடுத்து ஒத்துக்கொண்டது என்று டிக் அடித்துவிட்டு மூன்று மாதம் மறந்துவிட்டால், உடல் பழகிக்கொண்டது நீடிக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஒன்பதாம் மாதத்தில் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசிக்குப் போகும்போது, முட்டை அலர்ஜி இருக்கிறதே என்று யாராவது தயங்கினால், அதற்கு முட்டை ஒவ்வாமை தடையில்லை. தேனை மட்டும் ஒரு வயதுவரை நாக்கில் தொட்டுவைக்கவும் வேண்டாம். அது ஒவ்வாமைக்காகச் சொல்வதல்ல, பாட்டுலிசம் என்னும், கிருமியின் நச்சால் வரும் நோய்க்காக.